பேனலில் பெயர் இல்லை, கையில் 17(பி): எந்தக் கதவைத் தட்டுவது?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். தென் மாவட்டம் ஒன்றில், தமிழ்நாடு அரசுத் துறையில் உதவியாளர். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கான பேனல் (பதவி உயர்வுக்குத் தேர்வானவர்கள் பட்டியல்) பதினொரு வாரத்துக்கு முன்னால் வந்தது. பணிமூப்பில் உங்களுக்குக் கீழே இருந்த இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள், நீங்கள் இல்லை. கேட்டால், உங்கள் மேல் 17(பி) குற்றச்சாட்டு, அதாவது பெரிய தண்டனை தரக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை, நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் போட்டிருக்கும் தேதி, பேனலுக்கான தகுதி நாளுக்கு, அதாவது தகுதியைக் கணக்கிடும் நாளுக்குப் பத்து நாள் முந்தையது. உங்கள் கைக்கு அது வந்ததோ தகுதி நாள் கழிந்து மூன்று வாரம் ஆன பிறகு. அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருநாள் தன் அறையில் உங்கள் சாதியைச் சொல்லிக் கேவலமாகப் பேசியிருக்கிறார். வருமான வரித் துறையில் வேலை பார்க்கும் நண்பர் ‘கேட்’டுக்கு (மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்) போ என்கிறார், சங்கத்துக்காரர் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்துக்கு எழுது என்கிறார், மைத்துனர் போலீசுக்குப் போகச் சொல்கிறார். இதில் எது என்பது உங்கள் கேள்வி.

எது வலுவான இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன்: உங்களுக்கு எது வேண்டும்? பதவி உயர்வு வேண்டுமா, அந்த 17(பி) ஒழிய வேண்டுமா, அந்த அதிகாரி தண்டனை பெற வேண்டுமா? மூன்றும் வேண்டும் என்பீர்கள், நியாயம்தான். ஆனால் மூன்றையும் தரக்கூடிய ஒரே இடம் நம் சட்டத்தில் கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அதிகாரம், ஒரு காலக்கெடு. எந்தக் காலக்கெடு முதலில் முடிகிறதோ, எந்த இடத்துக்கு அந்த ஆணையை மாற்றும் அதிகாரம் இருக்கிறதோ, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சத்தமாகக் கதவைத் தட்டும் இடத்தில் தொடங்கிக் காலத்தைக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. முப்பத்தொரு ஆண்டு அரசுப் பணி, அதில் பாதிக்கு மேல் பணியமைப்புப் பிரிவில். நீங்கள் போடுவது போன்ற வழக்குகளுக்குத் துறை சார்பில் பத்திவாரிக் குறிப்பு (மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில்) எழுதி அரசு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன். மேசையின் அந்தப் பக்கம் எதைக் கண்டு பயப்படுவார்கள், எதைக் கண்டு சிரிப்பார்கள் என்பது தெரியும். ஓய்வுக்குப் பிறகு சிலருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் காகிதங்களை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் சட்டம் பற்றிய பகுதியை நம்பலாம், உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்பதை வக்கீல்தான் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நண்பர் சொன்ன ‘கேட்’ உங்களுக்குப் பொருந்தாது. அவர் தவறாகச் சொல்லவில்லை, தன் துறைக்குச் சரியானதை உங்களுக்கும் சொல்லிவிட்டார். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு ஊழியர்களுக்கும், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணியினருக்கும், அரசிதழில் அறிவித்த சில நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் உரியது. மாநில அரசு ஊழியர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனித் தீர்ப்பாயம் 1988 முதல் இருந்தது, 2006-ல் அது கலைக்கப்பட்டு நிலுவை வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. இன்னும் பழைய ஆட்கள் ‘டிரிபியூனல்ல ஒரு ஓ.ஏ. போடு’ என்பார்கள். அந்தக் கட்டடமே இப்போது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வழி, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசின் ஆணையை எதிர்த்து நேராகப் போடும் மனு. தென் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. தனி நீதிபதி முன் வரும். தோற்றால் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல், அதற்குப் பிறகுதான் டெல்லியில் உச்ச நீதிமன்றம்.

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்று எழுதப்பட்ட கெடு இல்லை. ‘கெடு இல்லையே, மெதுவாகப் போகலாம்’ என்று இதை வைத்துப் பேசுபவர்கள்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. இளையவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததை எதிர்ப்பவர் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் வந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், சதாசிவசாமி வழக்கு என்பார்கள். பதினான்கு ஆண்டு கழித்து வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் எளிது. பேனலில் வந்தவர்கள் அந்தப் பதவியில் உட்கார்ந்து, அதற்கு மேல் பதவிக்கும் போய், அவர்களுக்குக் கீழே இன்னொரு வரிசை உருவாகிவிடும். உங்கள் ஒருவருக்காக அந்த அடுக்கை முழுக்கக் கலைக்க எந்த நீதிபதியும் விரும்ப மாட்டார். ஆகவே உங்கள் கணக்கில் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி இருக்கிறது. துறைத் தலைவருக்கு மனு, பதில் வரவில்லை, நினைவூட்டு, மறுபடி நினைவூட்டு என்று கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. சட்டம் தந்திராத மனுக்களைத் திரும்பத் திரும்பப் போடுவது காலக்கெடுவை நீட்டாது என்று ரத்தோர் வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொரு வழி, ‘என் மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்தில் ஆணை போடச் சொல்லுங்கள்’ என்று ஒரு சின்ன ரிட் போடுவது. இதில் ஜெயிப்பது சுலபம், நீதிமன்றமும் தாராளமாகக் கொடுக்கும். நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு உத்தரவு வந்தால் பிரிவில் யாருக்கும் தூக்கம் கெடாது. ‘கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை’ என்று ஒரு பக்கம் அடித்து அனுப்பினால் உத்தரவை நிறைவேற்றியாகிவிட்டது. 2008-ல், தமிழ்நாட்டு நிலவியல் சுரங்கத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே கண்டித்தது: பரிசீலி என்று உத்தரவு வாங்கிப் பதில் பெற்றதால் செத்துப்போன கோரிக்கை உயிர் பெறாது. எனவே போட்டால் முழு ரிட்டாகப் போடுங்கள்: பேனலில் என் பெயரை விட்டது செல்லாது, தகுதி நாளின்படி சேர்க்க வேண்டும் என்று.

இப்போது உங்கள் வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். நீங்கள் சாதி பற்றி மூன்று பத்தி எழுதி, இந்தத் தேதி விஷயத்தை ஒரே வரியில் சொல்லி விட்டுவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை பிறப்பித்த பிறகுதான் ஒருவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியதாகப் பொருள், அதற்கு முன் புகார் வந்தது, பூர்வாங்க விசாரணை நடக்கிறது என்று சொல்லிப் பதவி உயர்வை நிறுத்த முடியாது. இது 1991-ல் ஜானகிராமன் வழக்கில் உறுதியான விஷயம். சரி, ‘பிறப்பித்த’ என்றால் எந்த நாள்? கையெழுத்துப் போட்ட நாளா, அனுப்பிய நாளா, நீங்கள் வாங்கிய நாளா? நீங்கள் வாங்கிய நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அது சட்டம் இல்லை. குரானா வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம், குறிப்பாணை தயாராகி அனுப்பப்பட்டாலே பிறப்பித்ததாகும், ஊழியர் கையில் சேர வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. இது உங்களுக்கு எதிரானது. துறையின் பதில் மனுவில் இது முதல் பாராவிலேயே வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே தீர்ப்பில் ‘அனுப்பப்பட்டால்’ என்ற சொல் இருக்கிறது பாருங்கள், அதில்தான் உங்கள் வாய்ப்பு இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் ஊழியருக்கு ஒரு குறிப்பாணை போய்ச் சேர ஒரு மாதம் ஏன் ஆனது? ஒன்று, நீங்கள் விடுப்பில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிறகு தயாரிக்கப்பட்டு முன் தேதி இடப்பட்டிருக்க வேண்டும். முன் தேதி போடுவது எங்கள் காலத்தில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பழைய தேதியில் ஒரு எண் காலியாக வைத்திருப்பார்கள், அல்லது ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பின்னால் ‘ஏ’ என்று ஒரு எழுத்து சேர்ப்பார்கள். அனுப்புகைப் பதிவேட்டில் வரிசை பார்த்தால் பிடிபட்டுவிடும். உங்கள் அலுவலகத்தில் இ-ஆபீஸ் (கணினிவழிக் கோப்பு முறை) வந்துவிட்டது என்றால் இன்னும் நல்லது. கோப்பு யார் மேசைக்கு எந்த நிமிடம் போனது, வரைவுக்கு எப்போது ஒப்புதல் ஆனது என்பது கணினியிலேயே பதிவாகியிருக்கும், அதைப் பேனாவால் திருத்த முடியாது.

அதனால் இன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அந்தக் குறிப்பாணைக்கான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கோப்பு நகர்வு விவரம், அந்த மாதத்து அனுப்புகைப் பதிவேட்டின் நகல், பேனல் தயாரிக்கக் கூடிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட ஊழியர் பட்டியல். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தின் நகல் மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘விசாரணை நிலுவையில் இருப்பதால் தர இயலாது’ என்று எழுதுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது, தகவல் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் சொன்னதைக் காட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இரண்டாம் மேல்முறையீடு வரை காத்திருக்காதீர்கள், அது வருடக்கணக்கில் போகும். தகவல் கிடைக்காவிட்டாலும், கேட்டேன், மறுத்தார்கள் என்பதை ரிட் மனுவில் எழுதினால் அசல் கோப்பைக் கொண்டுவா என்று நீதிபதி சொல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் பிரிவு உண்மையில் பயந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

இன்னொரு பட்டியலும் தயார் செய்யுங்கள். உங்களைப் போலவே குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தும் பேனலில் சேர்க்கப்பட்டவர்கள், உங்கள் மேல் சுமத்தப்பட்ட அதே மாதிரித் தவறுக்கு வெறும் 17(ஏ) (சிறிய தண்டனைக்கான நடவடிக்கை) கொடுத்தோ எச்சரித்தோ விடப்பட்டவர்கள் யாராவது உண்டா? பாகுபாடு என்பதை நீதிமன்றத்தில் காட்டுவது ஒப்பிட்டுத்தான். ‘என்னை வேண்டுமென்றே செய்தார்’ என்பதைவிட ‘அவருக்கு அப்படி, எனக்கு இப்படி’ என்று இரண்டு ஆணைகளைப் பக்கத்தில் வைப்பது பத்து மடங்கு பேசும்.

அந்த 17(பி)-யையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் அதில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்பது இன்னும் யாரையும் தண்டிக்கவில்லை, எனவே அந்தக் கட்டத்தில் பொதுவாகத் தலையிடக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. அதிகாரம் இல்லாதவர் பிறப்பித்தது, காழ்ப்பில் பிறப்பித்தது என்பன விதிவிலக்குகள். காழ்ப்பு என்று சொன்னால் அந்த அதிகாரியைப் பதவிப் பெயரில் மட்டுமல்ல, அவர் சொந்தப் பெயரிலும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும், இல்லையேல் அந்த வாதத்தையே காதில் வாங்க மாட்டார்கள். பேனலில் வந்த அந்த இரண்டு இளையவர்களையும் சேர்க்க வேண்டும். ‘அவங்க பாவம், நல்ல பசங்க’ என்று விட்டுவிட்டு வழக்கு அந்த ஒரு குறையிலேயே தள்ளுபடியானதை நான் கண்ணால் பார்த்தேன். பெரும்பாலும் நடப்பது, விசாரணையை இத்தனை மாதத்தில் முடி என்று ஒரு கெடு விதிப்பது. அதுவே உங்களுக்கு லாபம்தான். துறை விசாரணையை ஆறு மாதத்துக்குள், முடியாவிட்டால் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை மனுவில் குறிப்பிடுங்கள். நடுவில் விசாரணை அலுவலர் அழைத்தால் போகாமல் இருக்காதீர்கள். ‘கோர்ட்டில் இருக்கிறது’ என்று வீம்பு பிடித்தால் நீங்கள் இல்லாமலேயே முடித்துவிடுவார்கள்.

ஆணையத்துக்கு வருவோம். சங்கத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் அரசமைப்பின் 338-ஆவது பிரிவில் பிறந்தது, சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது, செலவு ஒரு பதிவுத் தபால்தான். விசாரிக்கும்போது அதிகாரிகளுக்குச் சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. 2021-ல் வந்த சட்டத்தின்படி மாநிலத்துக்கென்றும் ஓர் ஆணையம் இருக்கிறது. ஆணையத்தின் நோட்டீஸ் வந்தால் மாவட்ட அலுவலகத்தில் பரபரப்பு ஆகும் என்பது உண்மை. துறைத் தலைவர் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், சில சமயம் அதற்கு முதல் நாளே ஏதாவது சமாதானம் பேசுவார்கள். ஆனால் பேனலை ரத்து செய்யவோ தடை போடவோ ஆணையத்தால் முடியாது. அதற்கு உள்ள சிவில் நீதிமன்ற அதிகாரம் விசாரணைக்கான நடைமுறை அதிகாரம் மட்டுமே, தடையாணை போட அதை வைத்துக்கொள்ள முடியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஊழியர்கள் கொண்டுபோன வழக்கு அது. ஆணையம் தருவது பரிந்துரை. துறை அதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டே இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் மாட்டினார். ஊரும் துறையும் வேண்டாம். ஆணையத்தில் அவருக்கு ஆதரவாகவே பேசினார்கள், இரண்டு வருடம் கழித்து நல்ல பரிந்துரையும் வந்தது. துறை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ரிட் போட்டபோது முதல் கேள்வி, ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ ஆணையத்தில் இருந்தேன் என்பது கேட்பவருக்குக் காரணமாகத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். அவருக்குத் தோன்றவில்லை. அதேபோல் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஆணையம் எடுப்பதில்லை. நீங்கள் ரிட் போட்ட அன்றே பேனல் பற்றிய பகுதியை அவர்கள் முடித்துவைப்பார்கள். ஆகவே என் ஆலோசனை: ஆணையத்துக்கு எழுதுவதென்றால் சாதிரீதியான நடத்தை பற்றி மட்டும் எழுதுங்கள், பேனலை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள். இரண்டு ஆணையத்துக்கும் ஒரே புகாரை அனுப்பாதீர்கள். மனித உரிமை ஆணையம் இதற்கு இடமே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் விதிகளே பணி விவகாரங்களை வெளியே வைக்கின்றன.

போலீஸ். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டும் உங்கள் மைத்துனர் மனதில் இருப்பவை: வேண்டுமென்றே அவமதித்தல், சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல். புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. துறை விசாரணையோ ரிட்டோ நடந்தாலும் குற்ற வழக்கு தனியாக நடக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் இரண்டு பிரிவிலும் ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. 2025 ஜனவரியில் லால்குடிப் பக்கத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை அளந்து பார்த்தது. வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவர் அலுவலக அறையில் சாதி சொல்லித் திட்டியதாக வழக்கு. திட்டும்போது வெளியார் யாரும் இல்லை, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள், எனவே அது பொதுப் பார்வை இல்லை என்று வழக்கையே ரத்து செய்தார்கள். அங்கே பாதிக்கப்பட்டவர்தான் அரசு ஊழியர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சம்பவமும் அதிகாரியின் அறையில். கதவு திறந்திருந்ததா, மனு கொடுக்க வந்த பொதுமக்கள் யாராவது உள்ளே நின்றார்களா, வெளியே கேட்டதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். நீங்களும் அவரும் மட்டும் இருந்தீர்கள் என்றால் இந்த இரண்டு பிரிவுகளில் வழக்கு நிற்பது கடினம். பொய்யான தகவல் கொடுத்துப் பொது ஊழியர் மூலம் தொல்லை செய்வது, பொய் வழக்குப் போடுவது என்ற பிரிவுகளும் அதே சட்டத்தில் இருக்கின்றன. ஒரு துறைக் குற்றச்சாட்டு அவற்றுக்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது, அதை நம்பி மட்டும் போக நான் சொல்ல மாட்டேன்.

செல்போனில் பதிவு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், பதிவை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும், இப்போது அது 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு. பத்து கை மாறிய பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். நடத்தை விதியில் வெளி அழுத்தம் கொண்டுவருவது தனிக் குற்றம், இருக்கும் 17(பி)-க்குத் துணையாக இன்னொன்றை நீங்களே சம்பாதித்துக் கொடுப்பீர்கள்.

உங்கள் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். மத்திய அரசு ஊழியர் என்றால் கேட்டின் சென்னை அமர்வு, விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான், நேரிலேயே வாதாடலாம். ஆனால் அங்கே கெடு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. துறைக்குள் உள்ள மேல்முறையீட்டை முடித்துவிட்டு இறுதி ஆணையிலிருந்து ஒரு வருடம். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே வரவில்லை என்றால் அதற்குப் பிறகு ஒரு வருடம். 1997-ல் சந்திரகுமார் வழக்குக்குப் பிறகு தீர்ப்பாயத்தைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது, தோற்ற பிறகு இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம். பொதுத்துறை வங்கி, மத்திய ஆயுதப் படை ஊழியர்களுக்குக் கேட் இல்லை. மாற்றுத்திறனாளி என்றால் 2016 சட்டத்தின்படி ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகார் வந்த இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். அதற்கு மேல் மாநில ஆணையர். அவர் கொடுப்பதும் பரிந்துரைதான், ஆனால் துறை மூன்று மாதத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பாலியல் தொல்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டு முதலில் உள்ளகக் குழு (அலுவலகத்துக்குள் உள்ள புகார்க் குழு). சம்பவத்திலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். புகார் கொடுப்பவருக்கு இந்தப் பதிலில் வரும் கெடுக்களிலேயே மிகக் குறுகியது அதுதான், பெண்கள் யோசித்து முடிப்பதற்குள் போய்விடும். மகப்பேறு விடுப்பு மறுப்பு போன்றவற்றுக்கு நம் மாநிலத்தில் ரிட்தான். மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியை தனி நீதிபதியிடம் ஜெயித்து, அமர்வில் தோற்று, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஜெயித்தார். வழி நீளமானது என்பதற்கும் சரியானது என்பதற்கும் அவரே சாட்சி.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் தகவல் உரிமை மனு. அதே வாரம் பேனலை எதிர்த்துத் துறைத் தலைவருக்கு உரிய வழியில் ஒரு மேல்முறையீடு, முன்நகலை நேராகப் பதிவுத் தபாலில். அதில் சாதி பற்றி ஒரு பத்தி, தேதி பற்றி ஐந்து பத்தி. அந்த அதிகாரியே உங்கள் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியாக இருக்கக் கூடாது, வேறொருவரை நியமியுங்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். கேட்காமல் விட்டால் பிறகு ‘அப்போது ஏன் ஆட்சேபிக்கவில்லை’ என்பார்கள். உள்வரவு எண்ணும் தேதியும் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபால் ரசீதே போதும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள், பதில் வந்தாலும் வராவிட்டாலும் மதுரையில் ரிட். அப்போது பேனல் வந்து ஐந்து மாதத்துக்குள் இருப்பீர்கள். ஒரு இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லி, அல்லது நடக்கும் பதவி உயர்வுகள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை என்று இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது சுலபமாகக் கிடைக்கும். போலீஸ் புகாருக்கு, அறைக்குள் வேறு யார் இருந்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே தேதி போட்டு எழுதி வையுங்கள், பிறகு வக்கீலைக் கேட்டு முடிவு செய்யலாம்.

வக்கீல் கட்டணம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளை வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, சாதிச் சான்றிதழும் பேனல் நகலும் எடுத்துக்கொண்டு போங்கள். பணி வழக்கு பார்த்துப் பழகிய வக்கீல்தான் வேண்டும் என்று அங்கேயே சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உங்களிடம் ஒரு விஷயம் தெரிந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். அந்தக் குறிப்பாணை உங்களுக்கு எப்படி வந்தது, நேரில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்களா, தபாலிலா? தபால் என்றால் உறையை வைத்திருக்கிறீர்களா? உறையில் அஞ்சலக முத்திரைத் தேதி இருக்கும். பெயர், துறை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அந்தத் தேதியை மட்டும் சொல்லுங்கள்.